உப்புக் காற்றில் மரக்கதவுக்கு வார்னிஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் தீவு, மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், தொண்டி ஒரு பக்கம். பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி இன்னொரு பக்கம், மன்னார் வளைகுடாவைப் பார்த்து. இந்த ராமநாதபுரம் கரையோரம் வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் கதவு வார்னிஷ் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாமே வீட்டுக்குள் இருக்கும் மரக்கதவுகளைப் பற்றியவை. வெயிலும் மழையும் நேராக விழும் தலைவாசல் கதவுக்குக் கணக்கு வேறு.

மதுரையில் அண்ணன் வீட்டுக் கதவு வழவழவென்று வந்தது. அதே கம்பெனி வார்னிஷ், அதே பெயின்டர். எங்கள் மண்டபம் வீட்டில் மட்டும் ஏன் சொரசொரப்பு?

டப்பாவிலும் குறை இல்லை, கையிலும் குறை இல்லை. காற்றுதான் வேறு. 1914இல் திறந்த பாம்பன் பாலத்தின் இரும்பை அரித்த அதே காற்றுதான் உங்கள் கதவின் மேலும் படுகிறது. அதில் உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, பல மாதங்களில் பொடி மணலும் இருக்கிறது.

ஈரக்காற்றில் வார்னிஷ் மெதுவாகக் காயும். மதுரையில் நாலைந்து மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத படலம், இங்கே இரவு வரை பிசுபிசுவென்று இருக்கும். அந்த நேரம் முழுக்கப் பறக்கிற தூசியெல்லாம் அதில் வந்து உட்காரும். நீங்கள் கையால் தடவும்போது தட்டுப்படுவது பெரும்பாலும் அந்தத் தூசிதான், வார்னிஷ் அல்ல.

உப்பு செய்கிற கெடுதல் மெதுவாகத் தெரியும். திண்ணையில் ஒரு வாரம் சாத்தி வைத்த கதவில் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதன் மேலேயே வார்னிஷ் அடித்தால் படலம் மரத்தைச் சரியாகப் பிடிக்காது. சில மாதம் கழித்து அங்கங்கே கொப்புளமாகக் கிளம்பும், நகத்தால் சுரண்டினால் உரிந்து வரும்.

அதனால் இந்தக் கரையில் முதல் வேலை துடைப்பது. நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கதவு முழுக்க ஒருமுறை, தண்ணீரை மாற்றி இன்னொருமுறை. போர் தண்ணீர் வேண்டாம். நம் ஊர்களில் பல இடங்களில் அதுவே கரிக்கும். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் போதும். துடைத்த கதவை நிழலில் ஒரு நாள் காயவிட்டுப் பிறகு உப்புத்தாளை (சாண்ட் பேப்பர்) எடுங்கள்.

எந்த மாதம் நல்லது? எந்த நேரத்தில் அடிப்பது?

தை பிற்பாதியில் தொடங்கிப் பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். நமக்கு மழை என்பதே அந்த மாதங்கள்தான். மார்கழியில் பனி விழும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, மணலை வாரி வரும். மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் காற்று நேராக அடிக்கும். அந்த மாதங்களில்தான் வேலை முடிந்தாக வேண்டும் என்றால், கடலைப் பார்த்த ஜன்னல்களை மூடி, எதிர்ப்பக்க ஜன்னலை மட்டும் திறந்து, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு அடிக்கலாம்.

நேரம்: காலை பத்து மணிக்கு மேல், பிற்பகல் இரண்டுக்குள். விடியற்காலையில் மரத்தின் மேலேயே ஈரம் நிற்கும். சாயங்காலம் அடித்தால் படலம் காய்வதற்குள் இரவு ஈரம் இறங்கிவிடும். பெயின்டர் ஐந்து மணிக்கு வந்து, "கடைசிக் கோட்டை மட்டும் அடிச்சிட்டுப் போயிடுறேன் சார்" என்றால் மறுநாள் வரச் சொல்லுங்கள். அந்தக் கடைசிக் கோட்தான் பல வருடம் கண்ணில் படப்போகிறது.

மரம் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

ஈரமானி வைத்திருக்கும் ஆசாரியிடம் கேளுங்கள். பெரிய மரக்கடைகளிலும் இருக்கும். நம் கரையில் 12 முதல் 14 சதவீதத்துக்குள் காட்டினால் வேலையைத் தொடங்கலாம். 16க்கு மேல் காட்டினால் பொறுங்கள். கருவி கிடைக்காதவர்கள், கதவு செய்து வந்த பின் வீட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று வாரம் காற்றோட்டமாகப் படுக்கை வாக்கில் கட்டைகள் மேல் வைத்திருங்கள். பூச்சுவேலை முடிந்து சுவர் இன்னும் ஈரமாக இருக்கும் அறையில் வைக்க வேண்டாம். அங்கே காய்ந்த மரமும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

கடையில் கோபல், மெலமைன், பி.யூ., லாக்கர் என்று அடுக்குகிறார்கள். எதை வாங்குவது?

யார் அடிக்கப்போகிறார், எதைக் கொண்டு அடிக்கப்போகிறார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

பிரஷ் கொண்டு நீங்களே அடிப்பதாக இருந்தால் எண்ணெய் வார்னிஷ்தான் என் பரிந்துரை. கடையில் கோபல் என்று சொல்வது இந்த வகைதான். மெதுவாகக் காயும் என்பது அதன் குறை. ஆனால் அந்த மெதுவே பிரஷ் கோடுகள் தாமாகச் சமமாகிப் படியவும் நேரம் கொடுக்கிறது. ஒரே டப்பாவில் வரும் பாலியூரித்தேன் (பி.யூ.) வார்னிஷ் கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீரையும் கீறலையும் அதிகம் தாங்கும். எண்ணெய் வார்னிஷ் காலப்போக்கில் சற்று மஞ்சளாகும். தேக்குக்கு அது அழகு. வெளிர் மரத்துக்கு வேண்டாம்.

பிரெஞ்ச் பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்ப்பது. கை தெரிந்தவர் செய்தால் மரத்தின் உள்ளழகு அப்படியே மேலே வரும். ஆனால் தண்ணீரும் சூடும் பட்டால் வெள்ளையாகும். பூஜையறைக் கதவுக்குச் சரி, குளியலறைக் கதவுக்குக் கூடாது.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் மெலமைனும் ஸ்பிரே வேலைக்கானவை. சீக்கிரம் காயும், தூசி ஒட்ட நேரம் இருக்காது. ஈரக்காற்றில் வெளுத்துப்போகும் தொல்லை லாக்கருக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். மெலமைனில் கண்ணெரியும் ஃபார்மால்டிஹைட் நெடி சில நாள் நிற்கும். குழந்தைகள் தூங்கும் அறையென்றால் யோசித்துச் செய்யுங்கள்.

இரண்டு டப்பா பி.யூ. எல்லாவற்றிலும் கடினமானது. அதில் இரண்டாவது டப்பாவாக வரும் ஹார்டனர் (கெட்டிப்படுத்தும் திரவம்) ஈரத்தோடு வினை புரியும். மரத்திலோ தின்னரிலோ கம்ப்ரஸர் காற்றிலோ ஈரம் இருந்தால் குட்டிக் குட்டிக் குமிழியாக வந்துவிடும். கலந்த பிறகு சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். பழகிய ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

தண்ணீரில் கரையும் பி.யூ. இப்போது நன்றாகவே வருகிறது. நெடி குறைவு, மஞ்சளாகாது. முதல் கோட்டில் மர நாரைக் கிளப்பிவிடும் என்பதால் அதற்கு அப்புறம் ஒருமுறை தேய்த்தே ஆக வேண்டும்.

பளபளப்பா, மங்கலா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில்: வீட்டுக்குள் பாதி மங்கலான சாட்டின்தான் கண்ணுக்கு இதமாக இருக்கும். முழுப் பளபளப்பில் சின்னக் குறையும் தெரியும். முதல் கோட்களைப் பளபளப்பு வார்னிஷிலும் கடைசிக் கோட்டை மட்டும் சாட்டினிலும் அடித்தால் மரத்தின் ரேகை மங்காது. சாட்டின் டப்பாவின் அடியில் மங்கல் பொடி தங்கியிருக்கும்; குச்சியால் அடிவரை மெதுவாகக் கிளறிவிட்டு அடியுங்கள்.

படகுக்கு அடிக்கும் வார்னிஷ் உப்பைத் தாங்குமே, அதையே கதவுக்கு அடித்தால் என்ன?

கடல் வார்னிஷ் வெயிலில் வெடிக்காமல் இருக்க இளக்கமாகச் செய்யப்படுவது. மரம் நீண்டு சுருங்கும்போது அதுவும் கூடவே நீளும். வீட்டுக்குள் அந்த இளக்கமே குறையாகிவிடும்: காய நாளாகும், காய்ந்த பிறகும் நகம் பட்டால் தடம் விழும், கதவு நிலையோடு ஒட்டிக்கொள்ளும். மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் வள்ளத்துக்கு நல்லவை. அறைக்கதவில் அவற்றைத் தேய்த்துவிட்டால் பிற்பாடு அதன் மேல் எந்த வார்னிஷும் பிடிக்காது.

கதவைக் கழற்றாமல் நின்ற நிலையிலேயே அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் வழவழப்பு வேண்டுமென்றால் கழற்றுங்கள். படுக்க வைத்த கதவில் வார்னிஷ் ஓடாது, சமமாகப் பரவும். இரண்டு ஸ்டூல் மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டுக் கதவை வைத்தால் போதும். கீல், தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எந்தக் கதவு எந்த அறைக்கு என்று கீல் பள்ளத்துக்குள் பென்சிலால் எழுதிவையுங்கள். அங்கே எழுதினால் மறைந்துவிடும்.

கழற்றினால் இன்னொரு லாபம்: கதவின் தலையும் அடியும் வெளியே வரும். அந்த இரண்டு விளிம்புகளையும் வார்னிஷ் அடிக்காமல் விடுவது நம் ஊரில் சகஜம். கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று விடுகிறார்கள். அங்கே நெடுஞ்சட்டங்களின் வெட்டுவாய், அதாவது நாரைக் குறுக்காக அறுத்த முனை, இருக்கிறது. மரம் ஈரத்தை அதிகம் குடிப்பது வெட்டுவாய் வழியாகத்தான். தலைக்கும் அடிக்கும் மற்ற இடங்களைவிட ஒரு கோட் கூடுதலாகவே அடிக்க வேண்டும்.

உப்புத்தாள் எந்த நம்பரில் தொடங்கி எதில் முடிப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன். வழவழப்பு வருவது வார்னிஷ் டப்பாவிலிருந்து அல்ல, இந்தத் தேய்ப்பிலிருந்துதான்.

இழைப்புளித் தடமோ மெஷின் அலையோ இருந்தால் 80இல் தொடங்குங்கள். இல்லையென்றால் 120 போதும். பிறகு 180, கடைசியில் 220. இடையில் ஒன்றைத் தாண்டக் கூடாது. 180 செய்கிற வேலை 120 போட்ட கீறலை எடுப்பது. 220 செய்வது 180 போட்ட கீறலை எடுப்பது. 80இலிருந்து நேராக 220க்குப் போனால் 80இன் கீறல் அப்படியே கீழே கிடக்கும். தொட்டால் தெரியாது. ஸ்டெயினும் (மரத்துக்கு நிறம் ஏற்றும் சாயம்) முதல் கோட்டும் விழுந்ததும் கறுப்பு இழைகளாக எழுந்து நிற்கும். அதற்காக 400 வரை வார்னிஷ் படாத வெறும் மரத்தைத் தேய்க்கவும் வேண்டாம்; மரம் மெருகேறி வார்னிஷ் பிடிப்பு குறையும்.

தாளைக் கையில் மட்டும் பிடித்துத் தேய்த்தால் விரல் அழுந்துகிற இடம் பள்ளமாகும். உள்ளங்கை அளவு கட்டையில் சுற்றித் தேயுங்கள். ரேகை போகும் திசையில் மட்டும் தேய்க்க வேண்டும். சட்டமும் பலகையும் உள்ள கதவில் குறுக்குச்சட்டத்தின் ரேகை கிடையாகவும் நெடுஞ்சட்டத்தின் ரேகை செங்குத்தாகவும் போகும். இரண்டும் சேரும் மூட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குறுக்குச்சட்டத்தை முதலில் தேய்த்துவிடுங்கள். தாள் கொஞ்சம் நெடுஞ்சட்டத்தின் மேல் ஏறினாலும் பரவாயில்லை. பிறகு நெடுஞ்சட்டத்தை அதன் திசையில் தேய்க்கும்போது அந்தக் குறுக்குக் கீறல் போய்விடும்.

180 முடிந்ததும் ஈரத்துணியால் லேசாகத் துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார் எழுந்து நிற்கும். கையால் தடவினால் மூன்று நாள் தாடியாகக் குத்தும். அதை 220இல் மெதுவாகச் சீவி எடுத்துவிட்டால் வார்னிஷ் விழும்போது மறுபடி எழாது. உப்பு போகத் துடைப்பதும் நாரை எழுப்புவதும் ஒரே துணியில் நடக்கிற வேலை என்பது நமக்கு வசதி.

இப்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கதவின் ஓரத்தில் மரத்தோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பாருங்கள். ஒளி மேலாகச் சறுக்கிப் போகும்போது ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் விழும். மெஷின் தேய்த்த இடத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் தெரியும், பலகை ஓரத்தில் ஃபெவிகால் வழிந்து காய்ந்த திட்டு மின்னும், ஆணித்தலைக்குச் சுற்றிலும் சுத்தியல் பட்ட பிறை வடிவத் தடம் தெரியும். எல்லாவற்றையும் பென்சிலால் வட்டமிட்டு அந்த இடங்களை மட்டும் மறுபடி தேயுங்கள். வார்னிஷ் அடித்த பிறகு கண்டுபிடித்தால் முழுக் கதவையும் தேய்க்க வேண்டியிருக்கும்.

தூசியைப் பிரஷால் தட்டி, டர்பன்டைனில் லேசாக நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். மண்ணெண்ணெயோ டீசலோ கூடாது. எண்ணெய்ப் பசை தங்கிவிடும்.

வேப்பமரக் கதவு எவ்வளவு தேய்த்தாலும் பிசிறடிக்கிறது. என்ன செய்வது?

வேம்பின் நார் முறுக்கி ஓடும். ஒரு திசையில் படியும் நார் எதிர்த்திசையில் கிளம்பும். இழைப்புளியை விட்டுவிட்டுக் கூர்மையான தகடு கொண்டு சுரண்டி, பிறகு உப்புத்தாள் போடுங்கள். முதல் கோட்டைக் கொஞ்சம் தண்ணியாக அடித்துக் காயவிட்டால் பிசிறெல்லாம் விறைத்து நிற்கும். அப்போது 220 கொண்டு எளிதாகச் சீவிவிடலாம். பூவரசில் இந்தத் தொல்லை குறைவு.

ஆணி ஓட்டை, வெடிப்பை எதால் அடைப்பது? மரத்தூளும் ஃபெவிகாலும் போதுமா?

பெயின்ட் அடிக்கும் கதவென்றால் போதும். வார்னிஷ் கதவில் அந்தக் கலவை நிறம் குடிக்காது. சுற்றிலும் தேக்கு நிறமும் நடுவில் திட்டுமாக நிற்கும். அதே மரத்தை 220இல் தேய்த்த மாவைச் சாண்டிங் சீலரில் (வார்னிஷுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) குழைத்து அடையுங்கள். கடையில் மர நிறத்தில் கிடைக்கும் வுட் ஃபில்லரும் சரி. காய்ந்ததும் சற்று உள்வாங்கும், அதனால் மேடாக வைத்துப் பிறகு தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

தேக்கின் துளைகள் பெரியவை. கண்ணாடி மாதிரித் தட்டையான மேற்பரப்பு வேண்டும் என்பவர்கள் துளை அடைக்கும் ஃபில்லரை ரேகைக்குக் குறுக்காகத் துணியால் அழுத்தித் தேய்த்து, மிச்சத்தை வழித்தெடுக்க வேண்டும். எனக்கு அந்தத் துளைகள் தெரிவதே பிடிக்கும். மரம் என்று கண்டு சொல்லவாவது அது வேண்டும்.

தேக்குக் கதவில் வார்னிஷ் மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது. ஏன்?

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. அது சில எண்ணெய் வார்னிஷ்களைக் காயவிடாது. ஈரக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அடிப்பதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த துணியால் மரத்தைத் துடைத்து, ஆறியதும் உடனே முதல் கோட்டை அடித்துவிடுங்கள். அல்லது மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிய ஒரு கோட் கொடுத்து அதன் மேல் வார்னிஷுக்குப் போகலாம். படாக் மரத்துக்கும் இதே வழிதான்: அதன் சிவப்புச் சாயம் தின்னரில் கரைந்து வெளியே வரும், அரக்கு அதைத் தடுக்கும்.

ஏற்கெனவே அடித்து ஒட்டிக்கொண்டிருக்கும் கதவை, காற்றோட்டமான சூடான அறையில் ஒரு வாரம் வையுங்கள். அப்போதும் காயாவிட்டால் டர்பன்டைனால் துடைத்தெடுத்துவிட்டு முதலிலிருந்துதான். அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்தால் காயாதது உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

பிரஷ் கோடு விழாமல் அடிப்பது எப்படி?

இரண்டரை அல்லது மூன்று அங்குல நல்ல பிரஷ் வாங்குங்கள். உள்ளங்கையில் தட்டி, உதிரும் முடிகளை முன்பே இழுத்துவிடுங்கள். வார்னிஷ் டப்பாவைக் குலுக்கக் கூடாது. உள்ளே நுழைந்த காற்று கதவில் குமிழியாக வெளிவரும். தேவையானதை வேறொரு கிண்ணத்தில் நைலான் துணியில் வடிகட்டி ஊற்றிக்கொள்ளுங்கள். முதல் கோட்டுக்கு மட்டும் பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் சேர்க்கலாம். என்.சி. தின்னரை எண்ணெய் வார்னிஷில் ஊற்றினால் திரிந்துபோகும்.

பிரஷின் முடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனையட்டும். கிண்ணத்தின் விளிம்பில் வழிக்காமல் உள்சுவரில் லேசாகத் தட்டுங்கள். முதலில் நடுப் பலகைகள், பிறகு குறுக்குச்சட்டங்கள், கடைசியில் நெடுஞ்சட்டங்கள். பலகையின் ஓரப் பள்ளத்தில் தேங்குவதை உலர்ந்த பிரஷ் நுனியால் உடனே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அங்கிருந்துதான் வழியும்.

ஒரு பகுதியில் வார்னிஷைப் பரப்பியதும் பிரஷைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, முடியின் நுனி மட்டும் படும்படி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் இழுங்கள். கையின் பாரம் கூட இறங்கக் கூடாது. வார்னிஷின் மேல் பின்னால் நூல்நூலாகக் கோடுகள் தெரியும்; பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை அடங்கிவிடும். அதோடு விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு தூசியைப் பார்த்துவிட்டு மறுபடி பிரஷை வைத்தால், பாதி காய்ந்த படலம் இழுபட்டு அந்தத் தடம் நிலைத்துவிடும். தூசியை மறுநாள் உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்.

வேலை செய்யும் அறையில் மின்விசிறி வேண்டாம்.

எத்தனை கோட்? இடையில் எவ்வளவு நேரம் விடுவது? ஒரு கதவுக்கு எவ்வளவு வாங்குவது?

மூன்று மெல்லிய கோட். இரண்டு தடித்த கோட் ஒருநாளும் அதற்கு ஈடாகாது. டப்பாவில் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் நம் கரையில் ஒரு முழு நாள் விடுங்கள். மப்பாக இருந்தால் இரண்டு நாள். காய்ந்ததா என்பதை உப்புத்தாளே சொல்லும்: 320 கொண்டு தேய்க்கும்போது வெள்ளை மாவாக உதிர்ந்தால் காய்ந்தது, தாளில் உருண்டை உருண்டையாக ஒட்டினால் காயவில்லை, அன்று வேலையை நிறுத்திவிடுங்கள்.

ஒவ்வொரு கோட்டுக்கு நடுவிலும் 320 லேசாக. மேற்பரப்பு முழுக்க ஒரே சீராக மங்க வேண்டும். மின்னுகிற புள்ளிகள் தெரிந்தால் அங்கே இன்னும் பள்ளம் இருக்கிறது என்று பொருள்.

7 அடிக்கு 3 அடிக் கதவு ஒரு பக்கம் 21 சதுர அடி. இரண்டு பக்கமும் விளிம்புகளும் சேர்ந்து 45 சதுர அடி வரும். மூன்று கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய் வார்னிஷ் பிடிக்கும். நிலைக்கும் சேர்த்தால் சற்று அதிகம்.

கூலியைச் சதுர அடிக் கணக்கில் பேசும்போது எத்தனை கோட், இடையில் தேய்ப்பு உண்டா என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். தேய்ப்புக்குத் தனியாகக் கூலி கொடுப்பதுதான் நியாயம். அதைக் கொடுக்காமல் வழவழப்பை மட்டும் எதிர்பார்க்க முடியாது.

லாக்கர் ஸ்பிரே அடித்ததும் கதவு முழுக்க வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. கெட்டுப்போயிற்றா?

கெடவில்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றிலுள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த படலத்தில் நீராகப் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. அந்த வெள்ளை இதுதான். வெயில் ஏறி ஈரம் குறைந்த நேரத்தில் மெதுவாக ஆவியாகும் தின்னரை, ரிடார்டர் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள், மெல்லியதாக மேலே ஸ்பிரே செய்தால் படலம் இளகி ஈரம் வெளியேறி, மரம் மறுபடி தெளிவாகத் தெரியும். பிரெஞ்ச் பாலிஷ் வெளுத்தால் ஸ்பிரிட் தொட்ட துணிப்பந்தால் லேசாக ஓட்டினால் போதும்.

அங்கங்கே சின்ன வட்டமாக வார்னிஷ் ஒட்டாமல் விலகி நிற்கிறதே?

அந்த இடத்தில் சிலிகோனோ எண்ணெய்ப் பசையோ இருக்கிறது. ஃபர்னிச்சர் பளபளப்பு ஸ்பிரே, கீலுக்கு அடித்த எண்ணெய், தலைமுடி எண்ணெய் பட்ட கை, இவற்றில் ஏதோ ஒன்று. காய்ந்ததும் தேய்த்து, தின்னரால் துணியை மாற்றி மாற்றித் துடைத்து, அரக்குக் கோட் ஒன்று கொடுத்துத் தொடருங்கள்.

மரத்தில் ஆணியைச் சுற்றிக் கறுப்பு படர்கிறது.

தேக்கு, கருவேலம் போன்ற மரங்களின் துவர்ப்புச் சத்தும் இரும்புத் துருவும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். ஆக்ஸாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் கறுப்பு போகும். கையுறை கட்டாயம், பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். ஆனால் இரும்பு ஆணி அங்கேயே இருந்தால் கறை திரும்ப வரும். இந்தக் கரையில் கீலும் திருகாணியும் பித்தளையாகவோ 316 ரக எவர்சில்வராகவோ இருக்கட்டும். கோட்டுக்கு இடையில் இரும்புக் கம்பளி கொண்டு தேய்க்கவே வேண்டாம். அதன் தூள் வார்னிஷுக்கு அடியில் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஐப்பசியில் கதவு இறுகிச் சாத்த முடியவில்லை. இழைத்துவிட்டு வார்னிஷ் அடித்துவிடலாமா?

இப்போது இழைக்காதீர்கள். மரம் ஈரத்தைக் குடித்து அகலத்தில் உப்பியிருக்கிறது. மழையில் சரியாக இருக்கும்படி இழைத்தால் பங்குனி, சித்திரையில் விரல் நுழையும் இடைவெளி வரும். தாங்க முடியாத இறுக்கமென்றால் உரசுகிற இடத்தில் மட்டும் மெழுகுவத்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். தையில் கழற்றி, தலை, அடி, கீல் பக்கம் உட்பட எல்லா விளிம்புகளுக்கும் வார்னிஷ் கொடுத்து மாட்டுங்கள். வார்னிஷ் ஈரத்தை முழுக்க நிறுத்தாது, உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கும். பெரும்பாலான கதவுகளுக்கு அதுவே போதும். அப்போதும் உரசினால் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி இழைத்துவிட்டு, இழைத்த இடத்துக்கு மறக்காமல் வார்னிஷ் கொடுங்கள்.

புதிதாகக் கதவு செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பலகைகளைச் சட்டத்தில் பூட்டுவதற்கு முன்பே அவற்றுக்கு ஒரு கோட் அடித்துவிடச் சொல்லுங்கள். கோடையில் பலகை சுருங்கும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாது.

கீழக்கரையில் தாத்தா காலத்து பர்மா தேக்குக் கதவு இருக்கிறது. கறுத்துத் தடித்திருக்கும் பழைய பூச்சை எப்படி எடுப்பது?

எடுத்தே ஆக வேண்டுமா என்று முதலில் பாருங்கள். ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துத் தேயுங்கள். பஞ்சு பழுப்பானால் அது அரக்கு பாலிஷ்; சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் அழுக்கை எடுத்து, மேலாக மறுபாலிஷ் போட்டாலே கதவு உயிர் பெறும். உரிந்து வெடித்திருந்தால்தான் முழுக்க எடுக்க வேண்டும். பெயின்ட் ரிமூவரைப் பூசி, ஊறவைத்து, மழுங்கிய தகட்டால் வழித்தெடுங்கள். பூவேலை உள்ள இடங்களுக்குப் பல்துலக்கும் பிரஷும் மூங்கில் குச்சியும். சிற்பத்தின் மேல் மெஷின் படவே கூடாது. போன முனையைத் திரும்பக் கொண்டுவர ஆளில்லை.

மேலே பழைய பெயின்ட் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை உலர்வாகத் தேய்த்துத் தூளாக்காதீர்கள். நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

வேலை செய்யும்போது ஆபத்து ஏதாவது உண்டா?

உண்டு. எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமுக்கிவையுங்கள். லாக்கரும் தின்னரும் இருக்கும் அறையில் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. இரண்டு டப்பா பி.யூ. ஸ்பிரே செய்பவருக்கு வெறும் துணி முகமூடி போதாது. கரிவடிகட்டி உள்ள முகக்கவசத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

எப்போது மாட்டலாம்? பிறகு எப்படித் துடைப்பது?

கடைசிக் கோட்டுக்குப் பிறகு மூன்று நாள் விட்டு மாட்டுங்கள். உள்வரை கெட்டிப்பட இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும்; அதுவரை கதவை இறுக்கிச் சாத்திவைத்தால் நிலையோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது படலம் உரிந்து வரும். நிலையில் கதவு படும் இடத்தில் லேசாக மெழுகு தேய்த்துவிடுங்கள். முதல் ஒரு மாதம் ஈரத்துணி, ஸ்டிக்கர், துணி மாட்டும் ஒட்டுக்கொக்கி எதுவும் கதவின் மேல் வேண்டாம்.

அதற்குப் பின் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு தங்காது. ஜன்னலுக்கு நேராக இருக்கும் கதவை வாரம் ஒருமுறை துடையுங்கள். மங்கத் தொடங்கியதும் 320 கொண்டு லேசாகத் தேய்த்து ஒரு கோட் கொடுத்தால் சரியாகிவிடும். உரிகிறவரை விட்டுவிட்டால் மரம் வரை தேய்க்க வேண்டியிருக்கும்.